வெண்கலப் பல்

பல் செட் செய்கிறவள் என்பதால் தெருவில் அவளுக்குப் 'பல்லுக்கா' என்று பெயர். பகலில் ஒரு பல் டாக்டரின் பின்னறையில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத வாய்களுக்குப் பல் கட்டுவாள். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் இரும்போடு மல்லுக்கட்டு. நாலு வருஷமாக அங்கே ஒரு நீராவி வண்டி வளர்ந்துகொண்டிருந்தது. முன்பு சாலையில் பாரம் இழுத்த எஞ்சினின் சின்ன மாதிரி. சின்னது என்றாலும் கன்றுக்குட்டி உயரம். மேலே ஒரு ஆள் உட்காரலாம். பாய்லர் சோதனையில் தேறிவிட்டது, பிஸ்டனும் ஓடியது. பின்சக்கரத்தைத் திருப்பும் பெரிய கியர் மட்டும்தான் பாக்கி.

அந்த ஷெட்டின் மேல் அண்ணனுக்கு ஒரு கண். அப்பா விட்டுப்போன வீட்டில் மாடி அவருக்கு, கீழ்த்தளம் அவளுக்கு என்று பிரித்தபோது ஷெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது அவர் கார் வாங்கப்போகிறார். கார் வெயிலில் காயக்கூடாதாம்.

"பாப்பா, அது ஓடாதுன்னு உனக்கே தெரியும்," என்றார், ஐம்பத்திரண்டு வயதுத் தங்கையிடம். "அந்த கியரைக் கடையில வாங்கியாவது மாட்டித் தொலையேன்."

"வாங்கி மாட்டறதுக்கு நான் எதுக்கு? இந்த ஷெட்டுல என் கையால வெட்டின கியர்லதான் ஓடும். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வண்டி தானா வெளிய வரும். வரலைன்னா ஷெட் சாவியை நீயே வச்சுக்கோ."

"மாப்பிள்ளை, கேட்டுக்குங்க!"

பஸ் ஓட்டுநரான அவள் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த ரூட்டுல நான் வண்டி ஓட்டறதில்லை மச்சான்."

கியருக்குப் பல் வெட்டுவது என்று பெயரே தவிர, வெட்டப்படுவது இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் இடம். ஒவ்வொரு வெட்டுக்கும் சக்கரத்தைச் சரியாக ஒரே அளவு திருப்ப வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு கருவி இருந்தது. ஆனால் கியராகப்போகிற இந்த வார்ப்பிரும்புத் தட்டு சோற்றுத்தட்டு அகலம், அந்தக் கருவியில் ஏற்றினால் வெட்டும் மெஷினின் மேடையில் இடித்தது. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தவள், மூன்றாம் நாள் கணவரின் பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினாள். ரிம்மில் கம்பி கோக்கும் துளை நாற்பது. அவளுக்கு வேண்டியதும் நாற்பது பல். ரிம்மையும் தட்டையும் ஒரே அச்சில் முடுக்கினாள். துளையில் ஊசி விழுந்தால் சக்கரம் நிற்கும். வெட்டிவிட்டு, ஊசியைத் தூக்கி, அடுத்த துளைக்கு நகர்த்த வேண்டியதுதான்.

"சைக்கிளும் போச்சா?" என்றார் கணவர்.

"பஸ்ஸு இருக்குல்ல உங்களுக்கு."

கறுப்புத் தூள் மூக்குக்குள்ளும் ஜாக்கெட்டுக்குள்ளும் ஏறியது. வெட்டு சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டபோது அவள் கை நின்றது. கடைசிப் பல் மட்டும் மெலிந்து எலிப்பல் மாதிரி நின்றது. துளைகளை எண்ணியவள் இடைவெளியை அளக்கவில்லை. ரிம் என்பது வளைத்து ஒட்டவைத்த பட்டை. ஒட்டுப்போட்ட இடத்தில் இரண்டு துளைகள் நெருங்கியிருந்தன.

இன்னொரு தட்டு வார்த்து வாங்க நாளில்லை. தாங்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு மாட்டினாள். வியாழக்கிழமை நீராவி ஏற்றி, அதைத் திறந்துவிடும் பிடியை மெல்லத் திறந்தாள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. 'டப்' என்றது. பல் தரையில் உருண்டது.

மாடிப்படியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன சத்தம்?"

"பல்லு விழுந்துடுச்சு."

"வயசாச்சில்ல!" சொன்ன நகைச்சுவையை அவரே ரசித்துவிட்டு இறங்கி வந்தார். "முடிஞ்சது பாப்பா. ஞாயித்துக்கிழமை கார் வருது. இதையெல்லாம் ஓரங்கட்டு."

"நானும் ஞாயித்துக்கிழமைதான் வர்றேன்."

அவர் போன பிறகு அவளுக்குக் கண் கரித்தது. கியரை மடியில் வைத்து, பல் போன பள்ளத்தை விரலால் தடவினாள். தடவத் தடவ அது பழகிய இடமாகத் தெரிந்தது. இது அவள் தினமும் பார்க்கிற ஈறு. நொறுங்குகிற இரும்பு எதற்கு? மெலிந்தாலும் ஒடியாத வெண்கலம் போதும்.

வேர் பிடிக்க அடியில் விரியும்படி ஒரு நீளப் பள்ளம் வெட்டி, வெண்கலத் துண்டை அதில் அடித்து இறக்கி, இரண்டு திருகாணியால் இறுக்கினாள். உருவம் கொடுத்தது அரம். பிறகு, வேலையிடத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்கிற நீலத்தாளைக் கொண்டுவந்து, பெரிய கியருக்கும் அதைச் சுழற்றும் சின்ன கியருக்கும் நடுவில் வைத்துக் கையால் சுற்றினாள். எங்கே நீலம் ஒட்டியதோ அங்கே ராவினாள். மறுபடி தாள், மறுபடி அரம். "வலிக்குதா, சொல்லு," என்று அவள் கியரிடம் கேட்டது காதில் விழ, கணவர் டீயை வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அண்ணன் அதை நேராக ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, கியரை உற்றுப் பார்த்தார். கறுப்புப் பல்வரிசையில் ஒன்று மட்டும் தங்கப்பல் மாதிரி இளித்தது.

"ஒட்டுப்போட்டிருக்கே. இதெப்படிக் கணக்குல வரும்?"

"யார் கை போட்டது?"

"சரி, பெயிண்ட் அடிச்சாவது மறைக்கக்கூடாதா? பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். விழுந்ததும் தெரியணும், கட்டினதும் தெரியணும்." அவள் வண்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. "காரை எடு."

"நிக்கட்டும். நீ எங்க வரப்போற?"

அவள் பிடியைத் திறந்தாள். புகைபோக்கி ஒருமுறை இருமியது. கியர் சுற்றியது, வெண்கலப் பல் வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அது தாண்டியது. வண்டி வாசலை நோக்கி நகர்ந்தது. அண்ணன் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது, பிறகு இல்லை.

"மச்சான்," என்றார் கணவர் அக்கறையாக, "பிரேக்கு இன்னும் மாட்டலைன்னு நினைக்கிறேன்."

பிரேக் இருந்தது. மாட்டியதே அவர்தான்.

அண்ணன் ஓடிப்போய்க் காருக்குள் விழுந்தார். கார் பின்னால் நகர, வண்டி முன்னால் வந்தது. முற்றம் தாண்டி, கேட்டைத் தாண்டி, இரண்டும் எதிரெதிரே முகம் பார்த்தபடி தெருவுக்கு வந்தன. ஜன்னல்கள் திறந்தன. பந்தயம் ஷெட் வாசலோடு முடிந்துவிட்டது. அவள் பிடியை மூடவில்லை.

கார் கொஞ்சம் தயங்கியது.

"அங்க நிறுத்தாத!" என்று புகைக்குள்ளிருந்து கத்தினாள். "இன்னும் பின்னால போ!"