கோழித்தலையனோடு ஒரு மணித்தியாலம்

கணித ரீச்சர் துஷாந்தினிக்கு வீடியோ கேம் விளையாடுவதிலும் படிமுறை வேண்டும். விடையை மட்டும் எழுதி நீட்டுகிற பிள்ளைக்கு அவள் பாதிப் புள்ளிக்கு மேல் போட்டதாகத் தொண்டைமானாற்றுப் பள்ளிக்கூடத்தில் சரித்திரமே இல்லை. அதே கையால்தான் ஐந்து கிழமையாக, ஸ்கேட்போர்டில் நிற்கிற ஒரு பொம்மைப் பெண்ணை ஏழு படிக்கட்டுக்கு மேலால் பாய வைக்கப் பார்க்கிறாள். பாய்ந்தால் மட்டும் போதாது. பலகை காற்றில் ஒரு சுற்று முழுதாகச் சுழன்று, திரும்பக் காலுக்குக் கீழே வந்து சேர வேண்டும். இடது காலுக்கு ஒரு குமிழ், வலது காலுக்கு ஒரு குமிழ். அரைச் செக்கன் பிந்தினாலும் பெண் முகங்குப்புற விழுவாள். இதுவரை எத்தனை தரம் விழுந்தாள் என்று கேட்கக் கூடாது. ரீச்சருக்குக் கோபம் வரும்.

இந்த விளையாட்டை விளையாட இன்னொரு வழியும் உண்டு. விளையாட்டின் செற்றிங்ஸ் அமைப்புக்குள் போய்ப் புவியீர்ப்பைக் குறைத்துவிட்டால் போதும். மாடியிலிருந்து பாயலாம், கரண்ட் கம்பியில் வழுக்கிக்கொண்டு போகலாம், தலைகீழாக விழுந்தாலும் தூசியைத் தட்டிவிட்டு எழும்பலாம். அது அவளுடைய கணவன் யதுசனின் கட்சி. யதுசன் சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். ஹெல்மெற், பாதுகாப்பு வார், தொட்டதற்கெல்லாம் அனுமதி என்று நாள் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு வருகிறவன், விளையாட்டிலாவது கழுத்தை முறிக்க விடும் என்று கெஞ்சுவான். அவனுடைய ஆள் கோழித்தலை முகமூடியும் சாரமுமாகத் திரிவான். ஆனால் விதியை வைப்பது ஆட்டத்தைத் தொடங்குகிறவர், தொடங்குகிறவள் துஷாந்தினி. ஆகவே புவியீர்ப்பு உள்ளபடியே இருந்தது.

இணையத்தில் அவளோடு சேர்ந்து விளையாடக் கப்பலின் பொது ரீவி அவனுக்குக் கிடைப்பது சனிக்கிழமை பின்னேரம் நாலிலிருந்து ஐந்து வரைக்கும்தான். மற்ற நாளெல்லாம் ‘சாப்பிட்டாச்சோ’, ‘ஓம்’ என்று இரண்டு குறுஞ்செய்தியோடு போய்விடும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் புருசன் கிடைக்கிறான். அதில் ஐம்பது நிமிடத்தைப் படிக்கட்டுக்குக் கொடுக்கிறாள் இந்தக் கெட்டிக்காரி.

இந்தச் சனிக்கிழமை மற்றச் சனிக்கிழமைகளைப் போல இல்லை. அவனுடைய ஒன்பது மாத வேலைக் கொந்தராத்து முடிகிறது. இன்னும் ஆறு மாதம் நிற்க விருப்பமோ என்று கம்பனி கேட்டிருக்கிறது. இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர துஷாந்தினிக்கு வேறு ஆசை கிடையாது. அதை வாயால் சொல்லவும் மாட்டாள். கடலுக்குப் போனவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று மாமி பத்மாசினி சொல்வார். சகுனத்தில் துஷாந்தினிக்குத் துளி நம்பிக்கையும் இல்லை, ஆனால் வெட்கத்துக்கு அது நல்ல சாட்டு. கேட்டதற்காக வருகிறவன் வேண்டாம், தானாக வருகிறவன்தான் வேண்டும் என்பது அவளுடைய படிமுறை.

“இஞ்சாரும், மேலை பாரும்,” என்றான் யதுசன் காதுக்குள். கோழித்தலையன் ஒரு கட்டடத்தின் கூரையில் நின்று கை காட்டினான். “ஈர்ப்பைக் கொஞ்சம் குறையுமன். ரெண்டு பேருமாக் குதிப்பம்.”

“உதிலையிருந்து குதிச்சால் முழங்கால் சிரட்டை ரெண்டாய்ப் போகும்.”

“இது கேம்தானேயப்பா.”

“கேம் எண்டாலும் ஒரு முறை இருக்கு.”

முறைப்படி பெண் பாய்ந்தாள், முறைப்படி விழுந்தாள். கோழித்தலையன் கூரை விளிம்பில் குந்திக்கொண்டிருந்தான். நாலு நாற்பதுக்கு யதுசன் தொண்டையைச் செருமினான்.

“அந்த ஆறு மாசக் கதை. கடதாசி முன்னாலை கிடக்கு. என்ன செய்ய?”

‘வாங்கோ’ என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. துஷாந்தினி அதை விழுங்கிவிட்டு வகுப்புக் குரலை எடுத்தாள்.

“நீங்கள்தான் யோசிக்கோணும். நிண்டால் அடுத்த எஞ்சினியர் சோதினைக்கு வேண்டிய, கடலிலை நிண்ட நாள் கணக்குச் சேரும். மேல்வீடு கட்டுற வேலையும் முடியும். வந்தால் அடுத்த கப்பல் எப்ப கிடைக்குமோ தெரியாது. நடைமுறையைப் பாத்தால் நிக்கிறதுதான் சரி.”

இவ்வளவு திறமாகச் சொல்லிவிட்டு, ‘இல்லை, நான் வாறன்’ என்று அவன் வெட்டிப் பேசுவான் என்று காத்திருந்தாள்.

“அப்ப சரி,” என்றான் யதுசன். “நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்.”

அவளுக்கு மூக்கு எரிந்தது. எதையாவது உதைக்க வேண்டும் போலிருந்தது. பெண்ணை மறுபடியும் படிக்கட்டை நோக்கி விட்டாள். பலகை எழும்பியது, ஒரு சுற்றுச் சுத்தமாகச் சுழன்றது, நாலு சில்லும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. பெண் விழாமல் நேரே உருண்டு போனாள்.

“பாத்தீங்களே?”

பதில் இல்லை. கோழித்தலையன் அசையாமல் இருந்தான். அவனை இயக்குகிற கை வேறு எதையோ எடுக்கப் போயிருக்கிறது. எதை என்று கண்டுபிடிக்கக் கணித ரீச்சராக இருக்க வேண்டியதில்லை.

ஐந்து கிழமை பாடுபட்டு எடுத்த நூற்றுக்கு நூறை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் அவளுக்கு நேரமில்லை. அமைப்புக்குள் போய்ப் புவியீர்ப்பைத் துடைத்தெடுத்தாள். பெண் தரையை ஓர் உதை உதைத்து, மரத்துக்கு மேலால் கரணமடித்துக்கொண்டு போய்க் கோழித்தலையனின் நெஞ்சில் மோதினாள். இரண்டு பேரும் கூரையிலிருந்து உருண்டார்கள்.

“கையெழுத்துப் போடாதேங்கோ,” என்று கத்தினாள் துஷாந்தினி. “நடைமுறையும் மண்ணாங்கட்டியும். எனக்கு நீங்கள் வேணும். வீட்டை வாங்கோ.”

குசினிக்குள் மாமி தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

“தாயி,” என்றது ஒரு குரல். அது யதுசனுடையது இல்லை. “தம்பி பேனா எடுக்க ரூமுக்குப் போயிருக்கு. நான் புதுசா வந்த சமையல்காரன், தூத்துக்குடி. நீங்க பேசுறது இங்க டிவியில எல்லாருக்கும் கேக்கு.”

துஷாந்தினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தக் கப்பலில் தமிழ் விளங்குகிறவர் வேறு ஒருத்தரும் இல்லை என்ற துணிவில்தான் இத்தனை மாதமும் கதைத்து வந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் வெட்கத்தை விட்டாள், அதுவும் ஒரு சமையல்காரரிடம்.

அந்தப் பக்கம் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. “தம்பி, கையெழுத்து போடாதீங்க. வீட்டுக்கு வரச் சொல்லுதாங்க,” என்றார் சமையல்காரர்.

யதுசன் சிரித்தான். “பகிடி விடாதேங்கோ அண்ணை. அவ அப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை.”

“சத்தியமா தம்பி. கத்துனாங்க.”

“துஷாந்தினி கத்தினவவோ? உங்களுக்கு ஆளைத் தெரியாது.” கடதாசி விரிகிற சத்தம் கேட்டது.

ஓம், அவர் பகிடிதான் விடுகிறார் என்று சொல்லித் தப்பலாம். மாமியும் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். துஷாந்தினிக்கு ஆத்திரம் யதுசன்மேல் வரவில்லை. தன் பெண்சாதி தன்னை வா என்று கேட்டாள் என்பதை ஒரு மனிசன் நம்ப மறுக்கிறான் என்றால், கலியாணமாகி ஐந்து வருடமாக அவனுக்குப் பாடம் எடுத்தது யார்?

“நான்தான் சொன்னனான்,” என்றாள். குரல் நடுங்கியது. அதைத் திருத்த அவள் முயலவில்லை. “கத்தித்தான் சொன்னனான். எனக்குத் தனிய இருக்க ஏலாமல் கிடக்கு. வாங்கோ.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. விரித்த கடதாசி மடிகிற சத்தம் கேட்டது.

“அண்ணை,” என்றான் யதுசன் கடைசியில். “இந்தப் பேனையை நீங்களே வைச்சிருங்கோ.”