ஏழாவது குறிப்பு: சந்தையில் சாப்பிட வேண்டாம்

பொலிவியாவின் மேட்டுநிலத்தில், சான் இலாரியோ என்ற சுரங்க ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் இயக்குநரைத் தவிர இருந்தது நெலிதா ஒருத்திதான். எழுத்து வேலை எதுவானாலும் அவள் தலையில் விழும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரே தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடு என்று இயக்குநர் புதன்கிழமை சொன்னார்.

முதல் ஆறு குறிப்புகள் மளமளவென்று வந்தன. நாலாயிரம் மீட்டர் உயரத்துக்கு வருகிறீர்கள். முதல் நாள் மேடு ஏறாதீர்கள், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். ஓரம் கிழிந்த டாலரை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். இருநூறு பொலிவியானோ நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது. சாலை மறியல் எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது, ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதாது. மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம். எல்லாம் அவள் பதினோரு வருடமாகக் கண்ணால் கண்டது.

ஏழாவதுக்கு வரும்போது வெள்ளிக்கிழமை மதியமாகிவிட்டது. வேறு ஏதோ நாட்டுக்கு யாரோ எழுதிய பக்கத்திலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டாள்: "சந்தையிலும் தெருவிலும் எதையும் சாப்பிட வேண்டாம்."

ஐந்நூறு தாள் அச்சாகி வந்தது. தங்கும் விடுதிகளெல்லாம் வாங்கிச் சுவரில் ஒட்டின.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, வழக்கம்போல நெலிதா சந்தைக்குள் போய் சத்துர்னினாவின் பெஞ்சில் உட்கார்ந்தாள். சத்துர்னினா கலாபுர்க்கா விற்பவள். சோள மாவுக் கஞ்சியை மண்சட்டியில் ஊற்றி, அடுப்பில் பழுத்த எரிமலைக் கல் ஒன்றை அதில் போட்டுக் கொடுப்பாள். கஞ்சி சட்டிக்குள்ளேயே குமுறிக் கொதிக்கும். நெலிதாவின் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவளும் அவள்தான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அன்று சத்துர்னினா அவள் பக்கமே திரும்பவில்லை. நெலிதாவுக்குப் பின்னால் வந்த இரண்டு சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சட்டி வைத்தாயிற்று.

"கொமாத்ரே, எனக்கு?"

"உங்களுக்கா? ஐயோ, வேண்டாம் பட்டதாரி அம்மா. சந்தையில சாப்பிடக் கூடாதாமே. அச்சடிச்சே ஒட்டியிருக்காங்க, நீங்க பார்க்கலையா?"

தொழிலாளிகள் சட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதினது..."

"வெளிநாட்டுக்காரன் வயிறு கண்ணாடியா? தினம் நாலு பேரைக் கூட்டிட்டு வருவானே கைடு, அவன் வர்றதை நிறுத்தி ஒம்பது நாளாச்சு. நான் என்னவோன்னு நினைச்சேன். நேத்துதான் அந்தத் தாளைக் கொண்டாந்து படிச்சுக் காட்டினான். கீழே உங்க ஆபீஸ் முத்திரை." சத்துர்னினா இடுக்கியால் ஒரு கல்லை எடுத்து ஒரு சட்டியில் போட்டாள். கஞ்சி புஸ்ஸென்று பொங்கியது. சட்டியை நெலிதா முன்னால் நகர்த்தினாள். "பாருங்க. இதுல எந்தக் கிருமி உயிரோட நீந்துதுன்னு காட்டுங்க. காட்டிட்டா இன்னைக்கே அடுப்பை அணைச்சிடறேன்."

நெலிதாவால் ஒரு வாய் வைக்க முடியவில்லை. காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அலுவலகத்திலும் மனம் நிலைகொள்ளவில்லை. மதியம் கடைத்தெரு முனையிலிருந்த சிறு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே செவிலியாக இருந்த ஃபபியோலா பள்ளித் தோழி.

"சந்தையில சாப்பிட்டு எத்தனை வெளிநாட்டுக்காரங்க படுத்தாங்க? உண்மையைச் சொல்லு."

"முக்கால்வாசிப் பேருக்கு மலை உயரம்தான். வந்த அன்னைக்கே பீரும் பீட்சாவும் போட்டுக்கிட்டு, தலை வெடிக்குதுன்னு வருவாங்க" என்றாள் ஃபபியோலா. பிறகு சற்று யோசித்தாள். "வயித்துக் கோளாறும் வரத்தான் செய்யுது. பச்சைக் காய், பழச்சாறு... அப்புறம், நீ கோவிச்சுக்க மாட்டேன்னா சொல்றேன், கரண்டி. உன் கொமாத்ரே காலையில எடுத்த ஒரு வாளித் தண்ணியிலதான் பதினோரு மணி வரைக்கும் எல்லாக் கரண்டியையும் அலசறாங்க."

நெலிதாவுக்குத் தெரிந்த வாளிதான். பதினோரு வருடமாகப் பார்த்த வாளி. பார்த்தும் மனதில் படாத வாளி.

மறுநாள் கூட்டம் கலைந்தபின் போனாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கொமாத்ரே, கஞ்சியைப் பத்தி நான் எழுதினது தப்பு. விசாரிக்காம எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. ஆனா கரண்டி கொதிக்கலையே. அந்த வாளி..."

சத்துர்னினாவின் முகம் கறுத்தது. அடிக்கப் போகிறாளோ என்றுகூட நெலிதாவுக்குத் தோன்றியது. ஆனால் அவள் வாளியைத்தான் பார்த்தாள். அடியில் சோள மாவு படிந்து தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"இந்தச் சந்தைக்கு எத்தனை குழாய்?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒண்ணு."

"அதுல எத்தனை மணி வரைக்கும் தண்ணி வரும்?"

நெலிதாவுக்குத் தெரியவில்லை.

"காலையில ஏழு மணி வரைக்கும். நாப்பத்தியாறு கடைக்காரிங்க. இன்னொரு குழாய் வேணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தோம், உங்க ஆபீஸ் இருக்கிற நகராட்சிக் கட்டடத்துலதான். நீங்க மேல் மாடியில உட்கார்ந்திருக்கீங்க. ஊர்ல உள்ள வெள்ளைக்காரனுக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. எங்க காகிதம் எங்க போச்சுன்னு கீழ்மாடியில இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

நெலிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சத்துர்னினா அதைப் பார்த்துவிட்டு, "அழாதீங்க, இந்த உயரத்துல அழுதா மூச்சு வாங்கும். ஏழு குறிப்புல அதை எழுதாம விட்டுட்டீங்களே" என்றாள். கோபம் தீரவில்லைதான். ஆனாலும் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று மாலையே நெலிதா கீழ்மாடியில் மூன்று அறை ஏறி இறங்கினாள். ஒரு மனு பழைய கட்டுக்குள் கிடைத்தது. மற்ற இரண்டும் போன இடம் தெரியவில்லை. கிடைத்ததை இயக்குநர் மேசையில் வைத்தாள். "ஒண்ணு இந்த வரியை எடுக்கணும், இல்லைன்னா குழாய் போடணும். ரெண்டுமே செஞ்சா நல்லது" என்றாள். இயக்குநர் முனகினார், குழாய் தன் இலாகா இல்லை என்றார், கடைசியில் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மீதமிருந்த முந்நூற்றுச் சொச்சம் தாளிலும் நெலிதா உட்கார்ந்து ஏழாவது வரியைப் பேனாவால் அடித்தாள். விடுதி விடுதியாகப் போய்ச் சுவரில் இருந்ததையும் அடித்தாள்.

ஆகஸ்டில் குழாய் வந்தது. வந்தது சந்தையின் மறுகோடியில், உருளைக்கிழங்கு விற்பவர்கள் பக்கம். சத்துர்னினா அதற்குக் காத்திருக்கவில்லை. பெரிய கெண்டி ஒன்று வாங்கி, கரண்டிகளின் மேல் கொதிநீர் ஊற்றத் தொடங்கியிருந்தாள். கைடும் திரும்பி வந்தான். முதலில் இரண்டு பேருடன், பிறகு ஐந்து பேருடன்.

அடுத்த பதிப்புக்கு ஏழாவது வரியைச் சத்துர்னினாவே சொல்ல, நெலிதா எழுதிக்கொண்டாள்: "காலை பத்து மணிக்குள் சந்தைக்கு வந்து, கண்முன் கொதிப்பதைச் சாப்பிடுங்கள். பச்சைக் காயும் பழச்சாறும் இரண்டு நாள் பொறுக்கட்டும். அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டால் எங்களைத் திட்டாதீர்கள்."

சத்துர்னினா சொன்ன வரி அச்சாகப் போகிறது என்ற செய்தி சந்தை முழுக்கப் பரவிவிட்டது. திங்கட்கிழமை நெலிதா அலுவலகக் கதவைத் திறக்கும்போது வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். போர்வை விற்பவளுக்கு, பேரம் பேசுங்கள், ஆனால் பேசிவிட்டு வாங்காமல் போகாதீர்கள் என்று எழுத வேண்டுமாம். பேருந்துச் சீட்டுக் கொடுப்பவருக்கு, எட்டு மணி என்றால் எட்டரை என்று ஒரு வரி. அவருக்குப் பின்னால் நின்ற இருவர் யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்று சொல்லி, நெலிதா உள்ளேயிருந்து இன்னும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.