தண்ணீர் வந்ததா?

வரைபடத்தில் பள்ளத் தெரு வெள்ளை வெளேரென்று இருந்தது. வெள்ளை என்றால் வெள்ளம் ஏறாத இடம். மேட்டுத் தெருவோ கருநீலம். மேட்டில் ஏறிய தண்ணீர் பள்ளத்தை விட்டுவைக்குமா? வரைபடக்காரி திரையை உற்றுப் பார்த்தாள்.

வரைபடத்துக்குத் தகவல் சேர்க்கும் கருவி எளிமையானதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விடுபடக் கூடாது என்று, கணினியே வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், இல்லை என்றால் இரண்டை. ஒன்றுகள் சேரச் சேரத் தெரு நீலமாகும். நீலத் தெருக்களுக்குத்தான் படகு. பட்டியல் ஐந்து மணிக்குப் போய்விடும். விடிந்தால் பெருமழை. மணி இப்போதே மூன்று.

பள்ளத் தெருவில்தான் அவளுடைய அக்கா வீடு. அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போன மழையில் அவரைக் கட்டிலோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள்.

"சார், பள்ளத் தெருவை நானே நீலமாக்கிடவா?"

எதிர் மேசையில் இருந்த பொறியாளர் நிமிர்ந்தார். "அக்காவுக்காகப் பண்ணினீங்கன்னு ஊரே பேசும். அதுகூடப் போகட்டும்மா. அந்தத் தெரு உங்களுக்குத் தெரியும். மத்த நாப்பது தெருவில எது தப்புன்னு எப்படிச் சொல்வீங்க?"

அவள் அழைப்பு எண்களைச் சரிபார்த்தாள். எந்த எண்ணும் தெரு மாறிப் பதிவாகவில்லை. அக்கா வீட்டுப் பதிலைத் தேடினாள். இரண்டு. உடனே அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஏன்க்கா ரெண்டை அழுத்தினே?"

"எந்த ரெண்டுடி?"

"மழையில வீட்டுக்குத் தண்ணீர் வந்ததான்னு போன்ல ஒருத்தி கேட்டாளே?"

"அந்த மகராசியா! வரலைன்னு அழுத்தினேன். அப்ப வீட்டுக்குள்ள இடுப்பளவு வெள்ளம், குழாயில நாலு நாளாச் சொட்டுத் தண்ணி இல்ல. மேட்டுத் தெருவில மட்டும் நாள் தவறாம வந்துச்சாம், கொடுத்து வச்சவங்க!"

"அவ கேட்டது வெள்ளத்தைக்கா."

"அப்ப வெள்ளம்னு கேக்க வேண்டியதுதானே? தண்ணி வந்ததான்னா எவளும் குழாயைத்தான்டி பார்ப்பா. படிச்ச கழுதைங்களா!" பிறகு குரல் இறங்கியது. "ஏண்டி, எங்களுக்குப் படகு வராதா?"

"வரும்க்கா." சொல்லிவிட்டு அவள் மற்றத் தெருக்களின் பதில்களைப் புரட்டினாள்.

வெள்ளம் புகுந்த தெருக்களில் குழாய் நின்றுபோனது; அவர்கள் இரண்டை அழுத்தினார்கள். புகாத தெருக்களில் குழாய் ஓடியது, அவர்கள் ஒன்று. அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடவும் முடியாது, கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களும் இருப்பார்களே. எல்லாரையும் மறுபடி கேட்பதுதான் வழி.

புதிய கேள்வியை அவளே ஒலிவாங்கியில் பேசிப் பதிவு செய்தாள்: "குழாய்த் தண்ணியைக் கேக்கல. போன மழையில வெள்ளம் உங்க வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ள வந்துச்சா?"

கணினி எல்லா வீடுகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டது. நாலே முக்காலுக்குப் பள்ளத் தெரு நீலமானது, மேட்டுத் தெரு வெளுத்தது. யாரும் சந்தேகிக்காத இன்னும் ஏழு தெருக்களும் நீலமாயின. அந்த எட்டையும் சேர்த்துப் பட்டியலை அனுப்பினாள்.