பூவாளி

எத்தனை தேய்த்தும் பிரகாசத்தின் கால் நகங்களுக்குள் இருந்த செம்மண் போகவில்லை. ஞானசௌந்தரி பூவாளியைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். தேங்காய் நாரை எடுத்து மறுபடியும் பெருவிரலிலிருந்து ஆரம்பித்தாள். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

"போதும்மா. சாக்ஸ் போட்டா தெரியாது," என்றான் கிளாட்வின். விடிந்ததும் விடியாததுமாகத் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரே மகன்.

"பள்ளிக்கூடத்து மண்ணோட அனுப்ப மாட்டேன்டா."

பூவாளியும் பள்ளிக்கூடத்துடையதுதான். அதன் வாயில் தூசி அடைத்துக்கொண்டது என்று பிரகாசம் நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துவந்தார். "சௌந்தரி, ஊசி ஒண்ணு குடு," என்றார். உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தார். சாப்பிட்டார், படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை. கடைசியாக அவளிடம் பேசியதும் தோட்டத்துக்காகத்தான். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டையர் ஆன பிறகும் அவர் தினமும் பள்ளிக்கூடத்துத் தோட்டத்துக்குப் போனார். பிள்ளைகளுக்குப் பாத்தி கட்டவும், நாற்று விடவும், வேப்பெண்ணெய் கலந்து அடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். அங்கே விளைந்த கத்திரிக்காயும் கீரையும் மதியச் சாப்பாட்டுக்குப் போயின. வீட்டுக்கு ஒரு கொத்தமல்லித் தழை வந்ததில்லை. கேட்டால், "அது புள்ளைங்களுது," என்பார். சக்களத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்தாவது சண்டை போட்டிருக்கலாம். பாத்தியோடு எப்படிச் சண்டை போடுவது? ஒருமுறை ஆத்திரத்தில் ஆளைக் கூப்பிட்டு வீட்டின் பின்பக்கம் முழுக்கச் சிமெண்டு போட்டுவிட்டாள். அவர் வந்து பார்த்தார். "துணி காயப்போட நல்லாகீது," என்றார்.

மதியம் ஹெட்மாஸ்டர் வந்து, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கேட்டார். "போற வழியில ஸ்கூல் தோட்டத்துல சாரை ஐது நிமிஷாலு, அஞ்சே நிமிஷம் வெச்சா சாலும்மா. பிள்ளலு ஆசைப்படுறாங்க."

"வேணாம் சார். உசிரோட இருந்தப்ப அங்கதான் இருந்தாரு. இன்னிக்கி ஒரு நாளாவது எங்கூட இருக்கட்டும்."

பின்னாலேயே யூனிஃபார்மில் பிள்ளைகள் வந்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்று தேம்பித் தேம்பி அழுதார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டு வராத கண்ணோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவதிலும் இவர்களே முந்திக்கொண்டார்கள் என்று இருந்தது.

எட்டாவது படிக்கும் பிரித்திகா மட்டும் அழுகைக்கு நடுவில் அடிக்கடி வாசலில் வெயிலைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, போவணுமா?"

"தண்ணி வுடணும்மா. நேத்துதான் சாரு கத்திரி வெத போட வச்சாரு. யாரு வூட்ல கல்யாணமோ சாவோ, வெதச்ச பாத்திய காய வுடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

ஞானசௌந்தரிக்குத் தெரியாத சட்டமா? அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்று, குழியில் மண் போட்ட கையோடு தோட்டத்துக்குக் கிளம்பிப் போனவர் அவர்.

"பூவாளிய சாரு எடுத்துக்கினு வந்தாரு. குடுக்கிறீங்களாம்மா? சொம்புல ஊத்துனா வெத மேல வந்துடும்."

"இங்க இல்ல."

கதவுக்குப் பின்னால் அதன் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்திகா அதைப் பார்த்தாள். "சரிம்மா," என்று சொல்லிவிட்டு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பாஸ்டர் ஜெபம் செய்து முடித்ததும் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ஞானசௌந்தரி பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"அவரோட பொட்டியில வச்சிடலாம்."

கிளாட்வின் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினான்.

கல்லறைக்குப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாத்தியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். பக்கெட்டில் கையை நனைத்து விரல்களால் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி வருவது தெரிந்தும் ஒருவரும் எழுந்து வரவில்லை. பிரித்திகா தலையைத் தூக்கிப் பார்த்தாள், தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் பக்கெட்டில் கையை விட்டாள்.

அவர் போகிறார், இவர்கள் தண்ணீர் விடுகிறார்கள். நன்றாக வேண்டும் அவருக்கு என்று ஞானசௌந்தரி நினைத்தாள். எத்தனை நாள் நான் இப்படித் தனியாக உட்கார்ந்திருந்தேன், இன்றைக்காவது தெரியட்டும். பெட்டியைப் பார்த்தாள். அவளைத் தவிர இப்போது அவருக்கு யாரும் இல்லை.

"வண்டிய நிறுத்துப்பா."

மனசு மாறிவிட்டாள் என்று நினைத்து ஹெட்மாஸ்டர் ஓடிவந்து கேட்டின் இரண்டு கதவையும் திறந்தார்.

"அவரு வரமாட்டாரு சார்," என்றாள். ஜன்னல் வழியாகப் பூவாளியை நீட்டினாள். "இத மட்டும் வாங்கிக்கங்க."

பிரித்திகாதான் வந்து வாங்கினாள்.

"ஓட்டையெல்லாம் குத்தி வச்சிக்கீறாரு. அடைக்காம வரும்."

தலையாட்டிவிட்டு அந்தப் பெண் திரும்பிப் பாத்திக்கு ஓடினாள். பெட்டியின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. வண்டி நகர்ந்தது.

பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீர் ஒழுகி ஞானசௌந்தரியின் மடி நனைந்திருந்தது. கிளாட்வின் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"இருக்கட்டும்டா," என்று சொல்லி, பெட்டியை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.