நாலாம் கேட்டின் சாய்வு

அத்தானின் வேலை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கோப்பில் வந்து தொங்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால், மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போது அந்தக் கோப்பு இருந்த லேப்டாப்பைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசாரணை அறைக்கு வந்திருந்தான்.

அத்தானுக்கு விமான நிலையத்தில் ஏரோபிரிட்ஜ் ஓட்டும் வேலை. விமானம் வந்து நின்றதும் கட்டடத்திலிருந்து நீளுமே ஒரு நடைபாலம், அதை நகர்த்திக் கொண்டுபோய்க் கதவோடு பொருத்த வேண்டும். பத்தொன்பது வருஷம், ஒரு கீறல் விழுந்ததில்லை. போன மாதம் நாலாம் கேட்டில் பாலம் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய், கதவுக்குப் பக்கத்துத் தகட்டை நசுக்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அத்தானை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பாலத்துக்கு அந்தக் கோளாறு வெகுநாளாகவே உண்டு. கடைசி ஒரு முழத்தில் இடப்பக்கம் ஒதுங்கும். அத்தான் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தே ஓட்டுவார்; அன்றைக்கு அதையும் மீறி இழுத்துவிட்டது. மெயின்டெனன்ஸ்காரர்களிடம் வாயால் சொன்னதோடு சரி, எழுதிக் கொடுத்ததில்லை. விபத்துக்கு மறுநாளே அவர்கள் சத்தமில்லாமல் சக்கரத்தை மாற்றிவிட்டு, அப்படி ஒரு கோளாறே இருந்ததில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நல்லா இருக்கட்டும்!

மிச்சமிருந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான். மைத்துனன் கட்டட வரைபடம் போடுகிறவன். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டருக்காக அந்த விமான நிலையத்தையே அச்சு அசலாகச் செய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்தான். விபத்துக்கு ஏழு மாதம் முன்னால் செய்தது. அத்தான் சாப்பாட்டு மேஜையில் விரலை ஓட்டிக் காட்டிய அந்தச் சாய்வைக்கூட விடாமல் நாலாம் கேட்டில் வைத்திருந்தான்.

“தேதியைப் பாருங்க சார்,” என்று லேப்டாப்பை விசாரணை அதிகாரி பக்கம் திருப்பினான்.

திரையில் விமானம் வந்து நின்றது. பாலம் நீண்டு போய், கதவுக்கு ஒரு முழம் இருக்கும்போது இடப்பக்கம் ஒதுங்கியது. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னொரு தரம் ஓட்டுங்க.”

ஓட்டினான். ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த அத்தானின் முகத்தில் உயிர் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மெயின்டெனன்ஸ் மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இப்ப எல்லாரும் இறக்கிக்கிறதும் இதேதானா?” என்றார் அதிகாரி.

மைத்துனன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“இல்ல சார். நடுவுல மாத்திட்டேன்.”

“ஏன்?”

ஏன் என்றால் என்ன சொல்வான்? பாலம் கதவில் ஒட்டவில்லை, பயணிகள் என்ன பறந்து போவதா என்று இறக்கியவர்கள் ஆளாளுக்கு நக்கல் செய்தார்கள். ஒருத்தன் ஒற்றை நட்சத்திரம் போட்டு மானத்தை வாங்கினான். நிஜத்திலும் இப்படித்தான் என்று பதில் எழுத உட்கார்ந்தவன் பாதியிலேயே அழித்துவிட்டான். உள் விஷயத்தை வெளியே சொன்னதாக அத்தானுக்கு ஏதாவது வந்துவிட்டால்? எதற்கு வம்பு என்று பாலத்தை நேராக்கிவிட்டு, வேறொரு பதில் எழுதினான். எழுதியது அடியோடு மறந்தும் போயிருந்தது, பாவிக்கு.

அதிகாரி தன் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு இருந்த இணையப் பக்கத்தைத் தேடி எடுத்து, நிதானமாக வாசித்தார். “‘நாலாம் கேட் பாலம் சாய்வது என் தவறு. நிஜப் பாலத்தில் அப்படி எந்தக் கோளாறும் இல்லை. திருத்திவிட்டேன், மன்னிக்கவும்.’ இது நீங்க எழுதினதா?”

“நான்தான் சார். ஆனா அது சும்மா, அவங்க வாயை அடைக்க...”

“அதுக்கும் தேதி இருக்கு. விபத்துக்கு மூணு மாசம் முன்னாடி. ரெண்டுல எது சும்மா எழுதினதுன்னு நான் எப்படிங்க முடிவு பண்றது?”

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் வயிற்றெரிச்சல். மேலாளர் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அக்கா எழுந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

“அத்தான், உங்களுக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னுதான்...”

“தெரியும் மாப்ளே. விடு.”

பளாரென்று ஓர் அறை விட்டிருந்தாலாவது தேவலை. அத்தான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

மைத்துனனின் செல்போன் அதிர்ந்தது. முன்பு ஒற்றை நட்சத்திரம் போட்டவன் இப்போது ஐந்து போட்டிருந்தான். ‘நாலாம் கேட் இப்ப சூப்பர். நிஜத்துல எப்படியோ அப்படியே இருக்கு.’

“யாருடா? ஆபீஸ்லேர்ந்தா?” அக்கா அவசரமாக எட்டிப் பார்த்தாள்.

“இல்லக்கா,” என்று செல்போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான்.