வீட்டு ஆள்

"அவனுக்கும் கூடத்துக்குள்ளைதான் இலை போடு" என்றார் நாகேந்திரம்.

அன்னபூரணத்தின் கையில் அகப்பை நின்றது. "ஆருக்கு?"

"சடையனுக்கு. எனக்குப் பக்கத்திலை."

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பகடி இல்லை.

தெமட்டகொடையில் நாகேந்திரத்துக்கு ஓர் எண்ணெய் மில் இருந்தது. அங்கே வருடக் கணக்காகக் கொப்பரா அள்ளிப் போட்டவன் சடையன். வெள்ளவத்தை வீட்டுக்கு எண்ணெய்த் தகரம் கொண்டுவரும் நாட்களில் கிணற்றடியில் குந்தியிருப்பான். அவள் எட்ட நின்று போடும் சோற்றைத் தின்பான், சிரட்டையில் ஊற்றும் தேத்தண்ணீரைக் குடிப்பான், போய்விடுவான். குசினி வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. அவன் சாதிக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் இடம். அது சரியா பிழையா என்று அன்னபூரணமும் யோசித்ததில்லை.

ஆவணியில் மில்லின் பெல்ட் அவனுடைய வலக்கையை உள்ளே இழுத்தது. பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். பெல்டைச் சுற்றிக் கம்பி வலை அடிக்க வேண்டுமென்று எஞ்சின்காரன் முன்பே சொல்லியிருந்தான். அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருந்தார் நாகேந்திரம்.

அதற்கு முந்திய காலமென்றால் கையில் கொஞ்சச் சல்லியைத் திணித்து அனுப்பியிருக்கலாம். இப்போது சட்டம் வந்திருந்தது. வேலைத்தலத்தில் தொழிலாளிக்குக் கை கால் போனால் முதலாளி நட்டஈடு கொடுத்தே ஆக வேண்டும். கூட வேலை செய்த கொட்டாஞ்சேனை வலன்ரைன் சடையனைக் கூட்டிக்கொண்டு போய் நட்டஈட்டுக் கமிஷனரிடம் மனுக் கொடுக்க வைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை விசாரணை.

கோர்ட்டு வழக்குப் பார்க்கும் பிரக்கிராசி யேசுரட்ணம்தான் வழி சொன்னவர். "அவன் உங்கட கூலிக்காரனே இல்லை, முதலாளி. வீட்டோடை வளர்ந்த ஆள். சோறும் துணியும் குடுத்தியள், அவன் கூடமாட நிண்டான். சனிக்கிழமையிலை நீங்கள் கையிலை குடுத்ததுக்கு எழுத்து ஒண்டும் இல்லைத்தானே? கூலி இல்லையெண்டால் நட்டஈடும் இல்லை. எங்களோடை இருந்து சாப்பிடுறவன் எண்டு அம்மா வந்து ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"எங்களோடை ஒருநாளும் இருந்து சாப்பிடாதவனைச் சாப்பிட்டவன் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன்" என்று அன்னபூரணம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இன்றைக்கு இந்த இலை.

"பொய் சொல்லமாட்டன் எண்டாய். உனக்காக அதை உண்மையாக்கித் தாறன்" என்றார் நாகேந்திரம். "இனி என்ன குறை?"

சடையன் வழக்கம்போலக் கொல்லைப் பக்கமாக வந்து நின்றான். நாகேந்திரம் முன்வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நான் வெளியவே குந்திக்கிறேங்க, மொதலாளி."

"வாடா உள்ளை. நீ எங்கட வீட்டு ஆளெல்லோ!"

"புது மாப்பிள்ளை தோத்துப்போவான்! அப்பிடியொரு வெக்கம்" என்று சிரித்தார், கூடத்தில் ஏற்கெனவே இலைக்கு முன் இருந்த யேசுரட்ணம்.

இருவருக்கும் நடுவில் சடையன் உட்கார்ந்தான். மொட்டைக் கையைச் சால்வையால் மூடியிருந்தான். இத்தனை காலமும் எட்ட நின்று போட்டவள், இன்றைக்கு அவன் இலைக்கு நேரே குனிய வேண்டியிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. கை போன நாளிலிருந்து வருமானமும் போயிருந்தது. சோற்றைக் கண்டதும் அவன் தொண்டை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள்.

"சாப்பிடு, சாப்பிடு" என்றார் நாகேந்திரம்.

சடையன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடக்கையை இலையில் வைத்துப் பிசைந்தான்.

"சீ! இடக்கையாலையோ சோத்தைத் தொடுறாய்?" நாகேந்திரம் தன் இலையைச் சரேலென்று அப்பால் இழுத்தார்.

சடையன் கையை எடுக்கவில்லை.

"சோத்துக் கை ஒங்க மில்லுல போயிருச்சுங்க, மொதலாளி. இருக்கிறது இதுதானுங்க."

கடற்கரையோரமாக ரயில் ஒன்று கடந்து போனது. யேசுரட்ணம் சொதியைக் குனிந்து குனிந்து பார்த்தார். சடையன் மட்டும் சாப்பிட்டான். விரல்கள் பழகாமல் பருக்கைகள் மடியில் சிந்தின. முடித்ததும் நிமிர்ந்தான்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்கம்மா."

அவன் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல்முறை. அவள் போட்டாள்.

கை கழுவி வந்து வாசலில் நின்றான். "வயிறு நெறஞ்சுதுங்க. செவ்வாக்கெழம வர்றேங்க."

"எங்கை? இஞ்சையோ?" என்றார் நாகேந்திரம்.

"கமிசனர் தொரைகிட்டத்தாங்க" என்றவன் முன்படியாலேயே இறங்கிப் போனான்.

நாகேந்திரத்துக்கு முகம் கறுத்தது. "திண்ட வாய் காய முந்திக் கதைக்கிற கதையைப் பாத்தியளோ!" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "இஞ்சை, அவன் இருந்த இடத்தை மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவிவிடு."

யேசுரட்ணம் செருமினார். "அது கிடக்கட்டும். அவன் இருந்து சாப்பிட்டதை அம்மா கண்டவதானே. செவ்வாய்க்கிழமை காலமை கார் அனுப்புறன்."

அன்னபூரணம் உள்ளே போனாள். வாளி கொண்டு வருவாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் ஓர் இலையும் சோற்றுப் பானையும் கொண்டு வந்தாள். சடையன் சிந்திய பருக்கைகளுக்குப் பக்கத்தில், அவன் உட்கார்ந்த அதே இடத்தில் இலையைப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தும் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகக் கை தயங்கியது. அந்தத் தயக்கம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. கண்ணை மூடி விழுங்கினாள்.

"உனக்கென்ன விசரோ?" நாகேந்திரம் எழுந்துவிட்டார். "எழும்பு அங்காலை!"

"வீட்டு ஆள் எழும்பின இடத்தை ஆரும் கழுவிறவையோ?" என்றாள் இலையைப் பார்த்தபடி. பிறகு பிரக்கிராசியின் பக்கம் திரும்பினாள்.

"காரை அனுப்புங்கோ ஐயா, நான் வாறன். கண்டதைச் சொல்லுறன். இவர் கழுவச் சொன்னதையும் சேத்துச் சொல்லுறன்."

அடுத்த கவளத்துக்கு அவள் கை தயங்கவில்லை.