எல்லாருக்கும் போன அழைப்பு

பழைய மடிக்கணினியை இனிமேல் முழுதாகத் திறக்கவே கூடாது என்று கணவன் சொல்லிவிட்டான். திறந்தால் திரை கழன்று கையோடு வந்துவிடும். அதனால் பாதி மட்டும் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துத்தான் அவள் கொஞ்ச காலமாகத் தொழிலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தொழில் என்றால், வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வெட்டுவது. வீட்டுக்காரர்களின் பெயர் அவளுக்கு நிற்கவே நிற்காது. நாயை ஒரு தடவை தொட்டால் போதும், ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ஆகவே அந்தக் கணினியில் போன் நம்பர்கள் எல்லாம் நாய்களின் பட்டப்பெயரில்தான் இருந்தன. சிடுமூஞ்சி, பஞ்சுமூட்டை, ஓட்டக்காரன். யார் வீட்டுக்கு என்றைக்குப் போக வேண்டும் என்பதும் அதே மென்பொருளில்தான். அதற்கு ஒரு கிறுக்கு உண்டு. எதைக் குறித்தாலும் 'இது யாரோடு?' என்று கேட்கும். ஓர் ஆளைக் காட்டினால்தான் சேமிக்கும். அவளும் சளைக்காமல் காட்டிக்கொண்டே வந்தாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கும் ஒரே குறிப்பு. 'இன்னைக்கு அக்காகிட்ட பேசிடணும்.' யாரோடு? அக்காவோடு. ஞாயிறு வரும், போகும், பேச்சு நடக்காது. மறுவாரத்துக்கு மறுபடி எழுதிவைப்பாள்.

சண்டைக்குக் காரணமும் நாய்தான். அக்காவின் நாய்க்குத் தரையைப் பெருக்கும் நீளத்துக்கு முடி. உள்ளே எல்லாம் சிக்கு. ஒருநாள் அக்கா கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இவள் அதை ஒட்ட வெட்டிவிட்டாள். வந்து பார்த்த அக்கா, "என் புள்ளைய இப்படி ஆக்கிட்டியேடி!" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அத்தோடு விட்டிருக்கலாம். இவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சீவத் தெரியாதவங்களுக்கு நாய் எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். நாயின் முடி இதற்குள் எத்தனையோ முறை வளர்ந்திருக்கும். அக்காவின் கோபம்தான் இன்னும் குட்டையாகவில்லை. அக்கா இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு ஞாயிறாகவே இல்லை. சொல்வதற்குத்தான் நா எழவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணவன் புது போனும் கையுமாக உட்கார்ந்தான். பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பிளக் இருக்கிற எதுவும் தனக்கு அத்துப்படி என்பது அவன் எண்ணம்.

"எல்லாத்தையும் இதுலேர்ந்து அதுக்கு மாத்திடறேன். ஒரு பட்டன், அவ்வளவுதான்."

"ஏதாவது அழிஞ்சு போயிடாதே?"

"நான் இருக்கேன்ல?"

அவன் இருப்பதுதான் அவள் கவலை. ஆனால் ஒன்றும் அழியவில்லை. சிடுமூஞ்சியிலிருந்து ஓட்டக்காரன் வரை அத்தனை பேரும் புது போனில் வந்து வரிசையாக நின்றார்கள். நாட்காட்டியில் வேலைகள் கலர் கலராக விழுந்தன. அவளுக்கே சந்தோஷமாகிவிட்டது. "பரவாயில்லையே" என்றாள். கணவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அப்போது போன் கிணுகிணுத்தது. பிறகு நிற்கவே இல்லை.

'பஞ்சுமூட்டை ஏற்றுக்கொண்டார்.' 'ஓட்டக்காரன் ஏற்றுக்கொண்டார்.'

"எதை ஏத்துக்கிட்டாங்க?" என்றாள்.

கணவன் போனை உற்றுப் பார்த்தான். முகத்தில் மெல்ல அசடு வழிந்தது. பழைய மென்பொருள் 'யாரோடு' என்று கேட்டு வைத்திருந்த ஆட்களை எல்லாம், புதியது விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு, அவள் எழுதியது எழுதியபடி ஆளாளுக்கு அழைப்பு அனுப்பிவிட்டது.

அதற்குள் சிடுமூஞ்சியின் எஜமானியே போனில் வந்துவிட்டார். "ஏம்மா, 'சிடுமூஞ்சி, நகம், காது, அந்தம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தாது'ன்னு ஒண்ணு வந்திருக்கே, அது நான்தானே?"

அவளுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா..."

"அட, உண்மைதானே! எங்க வீட்ல யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. இனிமே சுருக்கமாப் பேசறேன்" என்று தொடங்கியவர், சுருக்கமாகப் பேசுவது எப்படி என்பதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்.

ஒருவழியாகப் போனை வைத்தபோது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"என்னங்க... அக்காவுக்கும் போயிருக்குமா?"

போயிருந்தது. வரப்போகிற ஞாயிறு மட்டும் அல்ல, கடந்துபோன ஞாயிறுகளும் சேர்ந்தே போயிருந்தன. கணவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். 'இன்னைக்கு அக்காகிட்ட பேசிடணும்.' 'இன்னைக்கு அக்காகிட்ட பேசிடணும். போன வாரம் தைரியம் வரல.' 'இன்னைக்கு அக்காகிட்ட பேசிடணும். சீவத் தெரியாதுன்னு சொன்னது தப்புன்னு சொல்லணும்.'

தனக்கு மட்டும் என்று எழுதியவை அவை. அக்கா படித்துவிட்டுச் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். படித்துவிட்டுப் பேசாமலே இருந்துவிட்டால்?

"இரு, எல்லாத்தையும் ரத்து பண்ணிடறேன்" என்று கணவன் விரலை நீட்டினான்.

"ரத்து பண்ணா அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'ரத்து செய்யப்பட்டது'ன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் போகும்."

அக்காவோடு பேசுவது ரத்து. அதை அக்காவே வாசிப்பாள். அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "தொடாதீங்க. போனது போனதாவே இருக்கட்டும். நான் எழுதினதுதானே."

சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது, அதுதான் வேடிக்கை. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. கத்தரிகளைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். கணவன், தான் செய்த வினைக்குப் பரிகாரமாகத் தானே காபி போட்டுக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்தான். பஞ்சுமூட்டைகளும் ஓட்டக்காரர்களும் ஏற்றுக்கொண்டபடியே இருந்தார்கள். அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிய பிறகு போன் ஒருமுறை கிணுகிணுத்தது. அவளுக்கு எடுக்கப் பயம். கணவன்தான் எடுத்தான், படித்தான், அவளிடம் நீட்டினான்.

'அக்கா ஏற்றுக்கொண்டார்.' நாளைக்கு மட்டும் அல்ல. கடந்துபோன ஞாயிறுகள் அத்தனையையும், ஒன்று விடாமல், அக்கா ஏற்றுக்கொண்டிருந்தாள். நாளைய அழைப்பின் கீழே மட்டும் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள்.

'போன்ல வேண்டாம், நேர்ல வா. மறுபடி சிக்கு விழுந்திருக்கு. சீப்பு மட்டும் கொண்டா, கத்தரி வேண்டாம்.'